முட்டும் கட்டும்

யாழ் ஏன் அழிந்தது என்ற கேள்விக்குத் தமிழில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. வீணை வந்து யாழை விழுங்கிவிட்டது, வடக்கு தெற்கை விழுங்கிய மாதிரி என்பது ஒன்று. யாழ்தான் வளர்ந்து வீணையாயிற்று, ஆகவே எதுவும் அழியவில்லை என்பது மற்றொன்று. முதல் பதிலை மேடையில் கேட்கலாம், இரண்டாவதைச் சபாவில் கேட்கலாம். எம்.ஏ. தேர்வில் இரண்டையும் எழுதி நான் மார்க் வாங்கியிருக்கிறேன். இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று இருப்பது அப்போது உறைக்கவில்லை. இரண்டுமே கருவியின் பெயரைப் பற்றித்தான் பேசுகின்றன, கருவியைப் பற்றிப் பேசுவதில்லை. நரம்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அந்த இரண்டு முனையிலும் என்ன இருக்கிறது, அதை நகர்த்தும் உரிமை யாருக்கு என்று எந்த உரையாசிரியரும் பேராசிரியரும் நமக்குக் கேட்கக் கற்றுத்தரவில்லை. கொல்லிமலையில் ஒரு கொட்டாங்கச்சிப் பிடிலின் அடிக்கட்டை தொலைந்துபோனபோதுதான் நான் கேட்க நேர்ந்தது.

ஆடி பதினெட்டுக்குப் போயிருந்தேன். செம்மேட்டில் அரசாங்கம் எடுக்கும் வல்வில் ஓரி விழா, அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும் கூட்டம், கடைகள். கீழ்நாட்டிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த ஒருவர் தோளில் மூங்கில் கழியைச் சாய்த்து, அதில் இருபது முப்பது பிடில்களைக் கோத்து, ஒன்றில் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டே நடந்தார். தமிழ்நாட்டுத் திருவிழாக்களில் இதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அரைக் கொட்டாங்கச்சி, அதன் வாயில் தோலோ தாளோ ஒட்டியிருக்கும், குறுக்கே செருகிய மூங்கில் குச்சி, ஒரு கம்பி, ஒரு வில். அவர் வாசித்தால் பாட்டு வரும், வீட்டுக்கு வாங்கிப்போய் நாம் வாசித்தால் பூனை கத்தும். குழந்தைகள் அழுது வாங்கி மறுநாள் தூக்கிப் போடுகிற இதை இசைக்கருவிப் பட்டியல் எதிலும் சேர்ப்பவர்கள் அபூர்வம்.

நான் வாங்கியது ஜீப்பில் குலுங்கியதில் கம்பிக்கும் தோலுக்கும் நடுவே நின்ற மூங்கில் சில்லு எங்கேயோ விழுந்துவிட்டது. அரையங்குலம் இருக்கும். அது போனதும் கம்பி தோலில் படுத்துக்கொண்டது. ஒலி இல்லை. வாழவந்தி நாட்டில் நான் தங்கியிருந்த நண்பர் வீட்டில் அவருடைய மாமனார் அதை வாங்கிப் பார்த்தார். மலையாளி சமூகத்துப் பெரியவர் (கேரளத்து மலையாளி இல்லை, மலையை ஆளுகிறவர்கள், பேசுவது தமிழ்). ஒன்றும் சொல்லாமல் அரிவாளை எடுத்துவந்து உட்கார்ந்தார்.

முதலில் கொட்டாங்கச்சியிலேயே ஒரு சிம்பு சீவி நிறுத்தினார். ஒலி காதைக் கிழித்தது. கூர்மையான விளிம்பு தோலை அறுத்துவிடும் என்று அவரே எடுத்துவிட்டார். அடுத்து பலாக்கட்டைத் துண்டு. பலாவுக்குக் கொல்லிமலையில் பஞ்சமா என்ன. அது கனமாக இருந்ததால் ஒலி உள்ளேயே அமுங்கிப்போயிற்று, சளி பிடித்தவன் பேசுகிற மாதிரி. மூன்றாவதாக மூங்கில். மூங்கிலின் அடியை நடுவில் குடைந்து இரண்டு கால் ஆக்கினார். தோலின் நட்ட நடுவில் வைக்காமல் ஓரத்துக்குச் சற்று தள்ளி வைத்தார். இப்போது ஒலி வந்தது. அதோடு விடவில்லை. குச்சியின் மேல்பக்கத்தில் கம்பியைக் குச்சியோடு சேர்த்துச் சுற்றியிருந்த நூலை நகத்தால் தள்ளிக் கீழே இறக்கினார். சுருதி ஏறியது. மேலே ஏற்றினார், இறங்கியது.

"இதுக்குப் பேரு என்னங்க அய்யா?"

"பேரென்னங்க பேரு. கீழ ஒரு முட்டு, மேல ஒரு கட்டு. அவ்வளவுதானுங்க."

முட்டுக் கொடுப்பது, கட்டி வைப்பது. உலகத்தில் நரம்புக்கருவி செய்த எவரும் தீர்க்க வேண்டியிருந்த பிரச்சினை இந்த இரண்டுதான். கம்பியின் அதிர்வுக்கு இரண்டு எல்லை வேண்டும். கீழ் எல்லை அதிர்வைத் தோலுக்கோ பலகைக்கோ கடத்த வேண்டும், மேல் எல்லை நீளத்தைத் தீர்மானிக்க வேண்டும். சீனத்து எர்ஹூவில் இன்றும் மேல் எல்லை ஒரு நூல் சுற்றுதான், வாசிப்பவர் வேண்டியபடி ஏற்றி இறக்கலாம். அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதியில் கறுப்பினக் குழந்தைகள் வீட்டுச் சுவரில் துடைப்பத்துக் கம்பியை ஆணியடித்து, அதனடியில் பாட்டிலைச் செருகி ஒற்றைக்கம்பிக் கருவி செய்தார்கள். பாட்டில்தான் முட்டு. பாட்டிலைத் தள்ளினால் கம்பி விறைக்கும். ப்ளூஸ் கலைஞர்களில் பலருக்கு விரல் பழகியது அந்தச் சுவரில். கடைக்குப் போகக் காசில்லாதவர்கள் உலகம் முழுக்க ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள் என்பதைத் தவிர இதில் மர்மம் எதுவும் இல்லை.

நம்முடைய வீணையில் முட்டுக்குக் குதிரை என்று பெயர். பிரெஞ்சில் குட்டிக்குதிரை, சீனத்தில் குதிரை, இந்தியில் குதிரை, பாரசீகத்தில் மட்டும் குட்டிக்கழுதை. சுமக்கிற வேலை விலங்குக்கு என்பதில் நாகரிகங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை போலும். வீணையில் மேல் எல்லைக்குப் பெயர் மேரு. மலை! அசையாதது. ஒரு கருவியின் மேல்முனைக்கு மேரு என்று பெயர் வைத்தவர்களின் மனதையும் அதைக் கட்டு என்று சொல்பவரின் மனதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு வரலாறு தெரிகிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

யாழுக்கு வருவோம். பொருநராற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும் யாழை உறுப்பு உறுப்பாக வருணிப்பதை நாம் உவமை நயத்துக்காகவே படித்திருக்கிறோம். தச்சனாகப் படித்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். பத்தர் இருக்கிறது, தோல்போர்வை இருக்கிறது, நண்டின் கண்போன்ற ஆணிகள் இருக்கின்றன, படமெடுத்த பாம்பாக நிமிர்ந்த கோடு இருக்கிறது, இடித்த தினையரிசி போல வழுவழுப்பான நரம்பு இருக்கிறது. நரம்பைத் தூக்கி நிறுத்தும் குதிரை மட்டும் கண்ணில் படவில்லை. வில்யாழ் வகைக்கு அது தேவையும் இல்லை. வீணையில் நரம்பு பலகைக்கு இணையாகப் படுத்து ஓடுகிறது, ஆகவே நடுவில் ஒருவன் நின்று அதன் அசைவைக் கீழே அழுத்திக் கொடுக்க வேண்டும். வில்யாழில் நரம்பு தோலிலிருந்து நேராக எழுந்து கோட்டுக்குப் போகிறது, தோலைத் தானே இழுக்கிறது. இடையில் தரகர் இல்லை.

மேல் முனையில் இருப்பது திவவு. கரிய பெண்ணின் முன்கையில் அடுக்கிய வளையலைப் போல என்கிறது பொருநராற்றுப்படை. உரைகள் அதற்கு வார்க்கட்டு என்று பொருள் சொல்கின்றன. கட்டு! பர்மாவின் சவுங் என்ற யாழைப் பார்த்தவர்களுக்கு இந்த வளையல் உவமை உடனே விளங்கும். அதன் வளைந்த கழுத்தில் சிவப்புப் பருத்திக் கயிறுகள் வரிசையாகச் சுற்றியிருக்கும், ஒவ்வொன்றும் ஒரு நரம்பைப் பிடித்திருக்கும். சுருதி சேர்க்க வேண்டுமானால் அந்தச் சுற்றை முறுக்கி மேலோ கீழோ நகர்த்துவார்கள். (இப்போது உலோக முறுக்காணி வைத்தும் செய்கிறார்கள்.) மத்தியப் பிரதேசத்தில் மண்ட்லா பகுதியின் பர்தான்களிடம் இன்னொரு வில்யாழ் இருக்கிறது. கோண்டு மக்களின் வம்சக்கதைகளைப் பாடிப் பரிசில் பெறும் பாணர்கள் அவர்கள். இந்தியாவில் இவ்வகை யாழ் என்றோ ஒழிந்துபோனது என்றுதான் பலரும் எழுதிவந்தார்கள். அது உயிரோடு இருப்பதை ராடெரிக் நைட் என்ற இசை ஆய்வாளர் 1985இல் விரிவாக எழுதினார். விபுலானந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் உழைத்த 'யாழ் நூல்' 1947இல் வெளியாயிற்று, அதே ஆண்டு அவர் மறைந்தார். கணக்கிலிருந்தும் சிற்பத்திலிருந்தும் செய்யுளிலிருந்தும் அவர் மீட்டெடுக்க முயன்ற கருவியின் ஒன்றுவிட்ட சகோதரி நர்மதைக் கரையில் பிச்சைக்காரக் கருவியாக வாழ்ந்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு வேடிக்கையாகவும் வருத்தமாகவும் இருக்கிறது.

பெரும்பாணாற்றுப்படையில் அரசவைக்குப் போகாத யாழ் ஒன்றும் வருகிறது. மாடு மேய்க்கிறவன் தீக்கடைகோலால் துளையிட்டுக் குழல் செய்து ஊதுகிறான். அது அலுத்ததும் உள்ளீடற்ற குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து விரலால் தெறிக்கிறான். வண்டுகள் தம் இனத்தின் குரல் என்று நினைத்துக் கேட்கின்றனவாம். உருத்திரங்கண்ணனார் கிட்டத்தட்ட ஒரு செய்முறைக் குறிப்பே கொடுத்திருக்கிறார். என்ன மரம், என்ன நார், எந்தக் கருவியால் துளை. செய்பவனும் வாசிப்பவனும் ஒரே ஆள். நம் இலக்கியத்தில் 'வீட்டில் செய்த' நரம்புக்கருவிக்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. இசை வரலாறு எழுதுகிறவர்கள் பேரியாழுக்கு இருபத்தொரு நரம்பு, செங்கோட்டியாழுக்கு ஏழு என்று அடியார்க்குநல்லார் கணக்கை ஒப்பிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். இடையன் யாழுக்கு எத்தனை நரம்பு என்று பாட்டே சொல்லவில்லை, ஆகவே அதற்குப் பட்டியலில் இடமில்லை.

கொல்லிமலைக்கும் யாழுக்கும் உள்ள உறவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். புறநானூறு 152, 153 இரண்டும் வன்பரணர் ஓரியைப் பாடியவை. முதல் பாட்டில் ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை ஐந்து உயிர்களை வீழ்த்திய வேட்டுவன் முன்னால் பாணன் தன் விறலியரிடம் முழவுக்கு மண் அப்பச் சொல்கிறான், யாழைப் பண்ணுக்கு நிறுத்தச் சொல்கிறான். காட்டு நடுவில், நின்ற நிலையில், யாழ் சுருதி சேர்கிறது. அதாவது திவவுகள் நகர்கின்றன. இரண்டாவது பாட்டில் ஓரி கொடுத்த கொடையில் வயிறு நிறைந்த சுற்றம் ஆட மாட்டாமல், பாடவும் மறந்துவிடுகிறது. புரவலரின் தாராளம் கலையை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான சாட்சி உண்டா? வன்பரணர் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். நமக்கு அப்படி மட்டும் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிறகு ஓரியைக் காரி கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த செய்தி அகநானூற்றில் (209) வருகிறது. மலையின் பெயர் மட்டும் தேவாரத்தில் கொல்லிப் பண்ணாக மிச்சமிருந்தது. இன்று ஓதுவார்கள் அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள்.

தேவாரத்தைத் தொட்டதும் தருமபுரத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் சம்பந்தரின் பதிகங்களை யாழில் இட்டு வாசித்து வந்தவர். யாழில் வாசிப்பதால்தான் பதிகம் பரவுகிறது என்று அவருடைய உறவினர்கள் சொல்லிவிட, பாணர் கலங்கி, கருவியில் அடங்காத ஒரு பதிகம் பாடியருளும்படி சம்பந்தரையே வேண்டுகிறார். அவர் பாடுகிறார். அடங்கவில்லை. பாணர் யாழை உடைக்க ஓங்குகிறார். சம்பந்தர் தடுக்கிறார். யாழ்முரி. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லும் கதை இது. பக்தியின் முன் கருவியின் தோல்வி என்று இதைப் படிக்கிறார்கள். நான் கருவியின் முனைகளைப் பார்த்துப் படிக்கிறேன். திறந்த நரம்புகள், நரம்புக்கு ஒரு சுரம். பர்மியக் கலைஞர்கள் செய்வதுபோல இடக்கைக் கட்டைவிரலால் அழுத்தி ஒரு சுரத்தைச் சற்று உயர்த்தலாம். ஆனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே, இடையிலுள்ள எல்லாவற்றையும் தடவிக்கொண்டு போவது குரலுக்கு முடியும், வில்யாழுக்கு முடியாது. அதற்கு நரம்பு ஒரு தண்டின்மேல் படுத்திருக்க வேண்டும், இரண்டு முனையிலும் உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும், நடுவில் விரல் ஓட வேண்டும். அதாவது முட்டும் மேருவும் வேண்டும். சேக்கிழார் கதையில் தோற்பது பாணர் சாதிக்காரரின் கருவி, ஜெயிப்பது பிராமணச் சிறுவனின் குரல் என்பதும் தற்செயல் இல்லை. இதே பாணரை நீலநக்கர் வீட்டில் எங்கே தங்கவைப்பது என்பது ஒரு பிரச்சினையாகி, வேள்விக்குண்டத்தின் அருகே இடம் கொடுக்கப்படுவதும் அதே புராணத்தில் இருக்கிறது. சமத்துவத்தின் சான்றாக அதைக் காட்டுவார்கள். சான்று காட்ட வேண்டியிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆகவே யாழ் அழிந்ததற்கு வடமொழிச் சதி மட்டும் காரணமில்லை, இயல்பான வளர்ச்சி மட்டும் காரணமில்லை. கேட்பின் விருப்பம் மாறியது. அசையும் சுரத்தைக் கேட்க ஆசைப்பட்ட காது, நரம்பைப் படுக்கவைத்த கருவியைத் தேடியது. திருவாசகத்தில் வீணையரும் யாழினரும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். இரண்டும் கூடவே இருந்த காலம் அது. சரி, வீணை வந்தது. ஆனால் எந்த வீணை?

இதுதான் நம் ஆட்கள் தாண்டிப் போகும் இடம். கம்பியைப் படுக்கவைத்தால் மட்டும் முட்டு நிலைத்துவிடாது. கொட்டாங்கச்சிப் பிடிலில் முட்டு ஒட்டப்படவில்லை, எவ்வளவும் நகரலாம். விரல் தன் இடத்தைக் காதால் தேடிக்கொள்ளும். மெட்டு வைத்த அன்றைக்குத்தான் முட்டின் சுதந்திரம் போகிறது. மெட்டுகளின் இடம் மேருவுக்கும் குதிரைக்கும் உள்ள தூரத்தைப் பங்கு போட்டுக் கிடைப்பது. குதிரை கால் அங்குலம் நகர்ந்தால் அத்தனை மெட்டும் அபசுரம். உயரமும் அப்படித்தான். முனைகள் உயர்ந்தால் கம்பியை அழுத்தும்போது சுருதி ஏறிப்போகும், விரல் புண்ணாகும். தாழ்ந்தால் கம்பி மெட்டில் இரையும். அந்தக் காலத்திலும் ஒரு இடைநிலை இருந்தது. ஒரு ராகத்துக்கு ஏற்ப மெட்டுகளை நகர்த்தி வைத்துக்கொள்ளும் வீணை. சாஸ்திர நூல்கள் அதற்கு ஏகராக மேள வீணை என்று பெயர் சொல்கின்றன. எல்லா ராகத்துக்குமாக மெட்டுகளை நிலைநிறுத்தியது சர்வராக மேள வீணை. தஞ்சாவூரில் ரகுநாத நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இருபத்துநாலு மெட்டோடு இன்றைய வடிவம் நிலைத்தது என்பது வழக்கு. அமைச்சர் கோவிந்த தீட்சிதர். அவர் மகன் வேங்கடமகி அதே நூற்றாண்டில் எழுபத்திரண்டு மேளங்களின் கணக்கைப் போட்டார். நிலைத்த மெட்டும் நிலைத்த அட்டவணையும் ஒரே வீட்டில் பிறந்தவை. மெட்டுகளை மெழுகில் பதிக்கிற வேலைக்கு இன்றும் 'மேளம் கட்டுதல்' என்றுதான் பெயர். கட்டு என்ற சொல் போகவில்லை பாருங்கள், வாசிப்பவரின் நகத்திலிருந்து ஆசாரியின் பட்டறைக்குப் போயிருக்கிறது. பாணன் காட்டில் நின்று செய்ததை இனி பட்டறைக்குக் கொண்டுபோய்ச் செய்ய வேண்டும்.

இதை வீழ்ச்சி என்று நான் சொன்னால் அது சோம்பேறித்தனம். மெட்டின்மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டில் நாலைந்து சுரத்தைத் தொடும் வீணையின் கமகம் அந்த நிலைத்த முனைகள் இல்லாமல் வந்திருக்காது. வீணை தனம்மாளை (1867–1938) நினைத்துக்கொண்டு 'வீணை பிராமணக் கருவி' என்று ஒரு வரியில் முடிக்கவும் முடியாது, அவர் தேவதாசி மரபில் வந்தவர். குதிரையின் மேலுள்ள உலோகத் தகடு விஷயமும் இருக்கிறது. அது தட்டையாக இல்லை, மெல்லிய வளைவு. கம்பி அதிரும்போது அந்த வளைவில் ஒட்டியும் விலகியும் உரசுவதால் ஒலியில் மேற்சுரங்கள் நிறைகின்றன. கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அங்கே அசைவற்ற புள்ளி கொண்ட மேற்சுரம் ஒலிக்கக் கூடாது என்பது ஐரோப்பிய இயற்பியல் விதி. வீணையிலும் தம்பூராவிலும் அது ஒலிக்கிறது, காரணம் குதிரை என்று சி.வி. ராமன் 1921இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அந்த வளைவை அரம் போட்டுத் தேய்த்து, அரக்கு வைத்து நிறுத்தி, காதால் சரிபார்த்த ஆசாரிகளின் பெயர் ஒன்றும் நம்மிடம் இல்லை. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குக் கிடைத்தது.

என் கேள்வி வேறு. முனைகள் நிலைத்தபோது ஒரு வேலைப்பிரிவினையும் நிலைத்தது. செய்பவர், வாசிப்பவர், கணக்குப் போடுபவர். மூன்று ஆட்கள், மூன்று சாதிகள், மூன்று மரியாதைகள். குமிழங்கொம்பை வளைத்த இடையனிடம் மூன்றும் ஒரே ஆளாக இருந்தன. நாம் 'யாழ் போச்சே' என்று புலம்பும்போது போனது எது என்று சரியாகத் தெரிந்துகொண்டு புலம்பலாம். சென்னையில் தருண் சேகர் என்ற கருவிக் கைவினைஞர் அண்மை ஆண்டுகளில் யாழைத் திரும்பச் செய்திருக்கிறார், அதில் பாட்டும் வந்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அதைத் தமிழ்ப் பெருமையின் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவோமோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது.

அந்தப் பயம் கொல்லிமலையிலும் வந்தது. முட்டு, கட்டு என்று பெரியவர் சொன்னதும் என் எம்.ஏ. மூளை குதித்தது. திவவு! வார்க்கட்டு! ஓரியின் பாணர்களின் எச்சம்! நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "எங்க தாத்தன் பூட்டனெல்லாம் காஞ்சிபுரத்துல இருந்து வந்ததாச் சொல்றாங்க. ஓரி எங்களுக்கு யாரு?" உண்மை. காஞ்சியிலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் மூவரும் ஆளுக்கொரு மலையில் தங்கினார்கள் என்பதுதான் மலையாளிகள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதை. அந்தக் கதையைக் கேட்காமல் அவர்களைச் சங்ககாலத்தின் மிச்சமாக ஆக்குவது, செம்மேட்டுச் சிலையைவிட மோசமான சிலை வைப்பது. பெரியவர் நூலைக் கட்டியது நூல் கையில் இருந்ததால். மிசிசிப்பிக் குழந்தை பாட்டிலைச் செருகியது மாதிரி. தொடர்ச்சி என்று ஒன்று இருந்தால் அது இரத்தத்தில் இல்லை, கையில் காசில்லாமல் காதில் பாட்டு இருக்கிற நிலைமையில் இருக்கிறது. விழாவில் ஓரியின் பெயரால் வில்வித்தைப் போட்டி நடந்தது. வில்லின் நாணைத் தெறித்துப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அடுத்த ஆண்டும் போனேன். அதே பிடில்காரர். முட்டை ஏன் ஒட்டாமல் விடுகிறீர்கள் என்று கேட்டேன். மேலே எழுதியதெல்லாம் என் மனதில் இருந்தது, ஏதோ பெரிய பதில் வரும் என்று எதிர்பார்த்தேன்.

"ஒட்டிட்டா தோலு சீக்கிரம் கிழியும் சார். தவிர, தொலைஞ்சாத்தானே பசங்க அடுத்த வருசமும் வாங்குவாங்க."

சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். மடியிலிருந்து மூங்கில் சில்லு மூன்று எடுத்து, காசு வேண்டாம் என்று என் சட்டைப்பையில் போட்டுவிட்டு நடந்தார்.